ஜன்னல் புராணம்

பாயிரம்

கம்ப்யூட்டருக்கு ஜன்னல் வைப்பதற்கு முந்தைய யுகத்தில் புரோகிராமர்தான் ராஜா. அவர் கேட்பார், உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்வார். "உன் பெயர் என்ன?" என்று கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும். பெயரைத் தட்டி என்டர் அடிக்கும்வரை மெஷின் வேறெந்தப் பேச்சுக்கும் மசியாது. வயதைக் கேட்டால் வயதைத்தான் சொல்ல வேண்டும். நடுவில் "அந்த மூலையில் இருக்கிற பட்டனை அமுக்கட்டுமா?" என்று யாரும் கேட்டதில்லை. மூலையும் கிடையாது, பட்டனும் கிடையாது.

பிறகு மவுஸ் வந்தது, ராஜ்ஜியம் கைமாறியது. உட்கார்ந்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அமுக்குவார். புரோகிராமர் கைகட்டிக் காத்திருந்து, கூப்பிட்டால் ஓடிவந்து, சொன்ன காரியத்தை முடித்துவிட்டு மறுபடியும் கைகட்டி நிற்க வேண்டும். இந்தப் பதவியிறக்கத்துக்கு உலகம் 'யூசர் ஃப்ரெண்ட்லி' என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. உட்கார்ந்திருப்பவருக்குக் குறைந்த சிரமம் ஆவியாகிவிடவில்லை. ஒரு குந்துமணி எடைகூடக் குறையாமல் புரோகிராமர் தலையில் போய் இறங்கியது. இறங்கிய விதத்தையும், அதைச் சுமக்க அவர் வாங்கிப் படித்த தலையணைப் புத்தகங்களையும், நம்பி ஏமாந்த கருவிகளையும் பாடுவதே இந்தப் புராணம்.

ஆல்டோ படலம்

கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்றொரு ஊர். அங்கே ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்துக்கு 'பார்க்' என்று பெயர். ஊருக்கெல்லாம் நகலெடுக்கும் மெஷின் விற்ற கம்பெனி, தன் வீட்டுக்குள் அசலாக ஒன்றைச் செய்து வைத்திருந்தது. 1973-ல் உருவான ஆல்டோ என்ற அந்த இயந்திரத்தில் படம் காட்டும் திரை உண்டு, மவுஸ் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்மால்டாக் என்ற மொழி உண்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தலைமை அலுவலகத்துக்குத்தான் தெரியவில்லை.

1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் பரிவாரத்தோடு அங்கே எழுந்தருளினார். தரிசனக் கட்டணம் முன்கூட்டியே பேசி முடித்தாகிவிட்டது. இன்னும் பங்குச் சந்தைக்கு வராத ஆப்பிளில் ஒரு லட்சம் பங்குகளை 10 லட்சம் டாலருக்கு ஜெராக்ஸ் வாங்கிக்கொள்ளலாம்; பதிலுக்குக் கூடத்தின் கதவைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்மால்டாக் குழுவின் ஆடல் கோல்ட்பர்க்குக்கு வயிறு எரிந்தது. குடும்பச் சொத்தை வாசலில் கொட்டிக் காட்டாதீர்கள் என்று மேலதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றார். காட்டித்தான் ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்த பிறகே காட்டினார்.

காட்டும்போது ஒரு சங்கதி நடந்தது. திரையில் எழுத்து வரிவரியாகக் குதித்து மேலே ஏறியது. வழுக்கிக்கொண்டு ஏறினால் நன்றாயிருக்குமே என்றார் வந்தவர்களில் ஒருவர். டேன் இங்கல்ஸ், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தவேயில்லை. அதன் வயிற்றைத் திறந்து இரண்டு இடத்தில் கைவைத்து மூடினார். எழுத்து வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆப்பிள்காரர்கள் எழுத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இங்கல்ஸின் கையைப் பார்த்து வாய் பிளந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மூன்று விஷயங்களைக் காட்டினார்கள், முதலாவதன் அழகில் கண் கூசிப்போய் மற்ற இரண்டையும் பார்க்கவேயில்லை என்று பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் ஜாப்ஸே சொன்னார். முதலாவது, ஜன்னல். பார்க்காமல் விட்டவை, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்த வலையும், ஸ்மால்டாக்கின் பொருள்நோக்கு முறையும். பெண்ணைப் பார்க்கப் போனவர்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜன்னலைச் செய்யத் தெரிந்த உளி பார்க்கிலேயே கிடந்தது. இனி வரும் படலங்களில் சிந்தப்போகும் கண்ணீரில் பாதிக்கு இதுதான் மூலம்.

1981 ஆகஸ்டில் 'பைட்' பத்திரிகை அட்டையில் பலூன் படம் போட்டு ஸ்மால்டாக் சிறப்பிதழ் கொண்டுவந்தது. படித்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஓட்டிப் பார்க்கத்தான் கையில் மெஷின் இல்லை.

கைப்பிடிப் படலம்

பார்க்குக்குப் போன பரிவாரத்தில் பில் அட்கின்சன் என்பவரும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஜன்னல்களில், பின்னால் இருப்பதன் வெளியே தெரியும் துண்டை மட்டும் அழகாகத் திருத்தி வரைவதை அங்கே பார்த்ததாக அவர் நம்பினார். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பிறகு பார்க்காரர்கள் சொன்னார்கள், அப்படி ஒன்றை நாங்கள் செய்யவேயில்லையே என்று. முடியாத காரியம் என்று தெரியாததால் முடித்துவிட்டார்.

'ரீஜன்' என்று பெயர் பெற்ற அந்தச் சூத்திரம் அவர் தலைக்குள் மட்டும் இருந்த காலத்தில், காரைக் கொண்டுபோய் ஒரு லாரியில் மோதினார். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஜாப்ஸிடம் அவர் முதலில் கொடுத்த தைரியம், ரீஜன் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பதுதான். ஆப்பிளின் எதிர்காலத்துக்கு அன்றைக்கு இருந்த ஒரே காப்புப் பிரதி கட்டுப் போட்ட தலை.

அதே அட்கின்சன்தான் மேனேஜர்களுக்கும் பாடம் நடத்தினார். ஆப்பிள் அப்போது செய்துகொண்டிருந்த லிசா என்ற கம்ப்யூட்டரின் குழுவில் ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி எழுதினாய் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். அவர் படம் வரையும் பகுதியை மறுபடி எழுதி, வேகத்தை ஆறு மடங்காக்கி, 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் மைனஸ் 2,000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

1983 ஜனவரியில் லிசா வந்தது. விலை 9,995 டாலர். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வந்தது. விலை 2,495 டாலர். பெட்டியைத் திறந்து வைத்தால் குழந்தைகூட ஓட்டும். ஆனால் அதற்கு உருப்படியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டுமென்றால் லிசா வேண்டும்! லிசாவில் பாஸ்கல் மொழியில் எழுதி, அங்கேயே கம்பைல் செய்து, பிறகு மேக்குக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க வேண்டும். சின்ன மெஷினுக்கு எழுதப் பெரிய மெஷின் வாங்கிய புண்ணியவான்களால்தான் லிசா கொஞ்சமாவது விற்றது என்று சொல்வோர் உண்டு. மேக்கிலேயே எழுதி மேக்கிலேயே சுடச்சுட ஓட்டிப் பார்க்க லைட்ஸ்பீட் சி வந்து சேர்ந்தது 1986-ல்.

மெஷின் கிடைத்தாயிற்று, படிப்பது எதை? 'இன்சைட் மெக்கின்டாஷ்' என்று ஒரு வேதம் இருந்தது. முதலில் அது தாள்தாளாக வந்தது, வர வர ஃபைலில் கோத்துக்கொள்ள வேண்டும். 1985-ல் டெலிபோன் டைரக்டரித் தாளில் அச்சிட்டு மலிவுப் பதிப்பு போட்டார்கள். டைரக்டரியில் தேடினால் நம்பர் கிடைத்துவிடும் என்பது ஒன்றே வித்தியாசம். எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் மற்ற அத்தியாயங்களையெல்லாம் நீ ஏற்கெனவே படித்திருக்கிறாய் என்ற நம்பிக்கையிலேயே அது பேசத் தொடங்கும் என்று படித்தவர்கள் புலம்பினார்கள்.

அதை எழுதியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தலைமை ஏற்ற கரோலின் ரோஸ் தனக்குப் புரியாத எதையும் அச்சுக்கு விடமாட்டார். மேக்கின் மென்பொருளை எழுதியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைப்பார். அவருக்கு ஒன்று புரியவில்லையென்றால் கோளாறு தன் வடிவமைப்பில்தான் இருக்கும் என்று ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கண்டுகொண்டார். விளக்குவதைவிடத் திருத்துவது சுலபம் என்ற ஞானம் அப்படித்தான் பிறந்தது. கையேடு எழுதுபவரைத் துளைத்துக் கேட்க விட்டால் மென்பொருளுக்கு ஆயுசு கெட்டி.

ஆனால் கைப்பிடி விஷயத்தை யாராலும் திருத்த முடியவில்லை. முதல் மேக்கின் மொத்த நினைவகம் 128 கிலோபைட். அதில் திரைக்கே 22 கிலோபைட் போய்விடும். மிச்ச இடத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள, மெஷின் அவ்வப்போது தகவல்களை இடம் மாற்றி நெருக்கி அடுக்கும். ஆகவே உங்கள் தகவலின் விலாசம் உங்களிடம் கிடையாது. விலாசம் எழுதிய சீட்டு எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் உங்களிடம் உண்டு. அதற்குப் பெயர் 'ஹேண்டில்', அதாவது கைப்பிடி. சீட்டைப் பிரித்து விலாசத்தைக் குறித்துக்கொண்டு, நடுவில் ஏதோ ஒரு சில்லறை வேலைக்கு மெஷினைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால், தகவல் வீடு காலி செய்துவிட்டுப் போயிருக்கும். நீங்கள் பழைய வீட்டின் கதவைத் தட்டி, புதிதாகக் குடி வந்தவர் சட்டையைக் கிழித்துவிட்டு வருவீர்கள். எந்தெந்த வேலைக்குக் கூப்பிட்டால் வீடு மாறும் அபாயம் உண்டு என்று வேதத்தின் மூன்றாம் பாகத்தில் பிற்சேர்க்கையாக ஒரு பட்டியலே உண்டு. புரோகிராமர்கள் அதை சகஸ்ரநாமமாகப் பாராயணம் செய்தார்கள்.

சட்டை கிழிந்தால் திரையில் ஒரு வெடிகுண்டுப் படம் தோன்றும். வரைந்தவர் சூசன் கேர். அது வெளியார் கண்ணில் அநேகமாகப் படவே படாது என்று இன்ஜினியர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஹலோ படலம்

இந்தப் பக்கம் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் வருகிறது வருகிறது என்று 1983 நவம்பர் 10 அன்று நியூயார்க்கில் பறை அறிவித்தது. வந்தது 1985 நவம்பர் 20. இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு வந்த ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஆசாரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

சி மொழி கற்பவர்கள் முதலில் எழுதுவது 'ஹலோ, வேர்ல்ட்' என்று ஒரு வரி காட்டும் புரோகிராம். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். விண்டோஸோடு வந்த கருவிப் பெட்டியிலும் மாதிரிக்கு ஒரு ஹலோ இருந்தது. நீளம் சுமார் 150 வரி! அதுபோக ரிசோர்ஸ் ஃபைலில் இன்னும் ஒரு 20 வரி. பழம் தின்று கொட்டை போட்ட சி புரோகிராமர்கள் அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் வெளிறினார்கள்.

அந்த 150 வரியில் என்னதான் இருந்தது? முதலில் உங்கள் ஜன்னல் எந்த ஜாதி என்று பத்துக் கட்டம் நிரப்பிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஜன்னலைப் படைக்க 11 விவரம் தர வேண்டும். படைத்த ஜன்னல் தானாகத் தெரியாது, காட்டச் சொல்லி மனுப் போட வேண்டும். பிறகு ஒரு சுழற்சியில் உட்கார்ந்து, வரும் செய்திகளை ஒவ்வொன்றாக வாங்கி, விண்டோஸிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் அதே செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் புரோகிராமின் இன்னொரு மூலைக்கு வந்து கதவைத் தட்டும். கடைசியில், எழுதிய ஹலோவை யாராவது மறைத்துவிட்டு விலகினால் விண்டோஸுக்கு அது ஞாபகம் இருக்காது. "வரை" என்று மறுபடி உத்தரவு வரும், மறுபடி வரைய வேண்டும். எத்தனை தரம் மறைத்தாலும் அத்தனை தரம்.

இந்தக் காட்டுக்குள் வழிகாட்ட ஒரு ரிஷி தோன்றினார். சார்லஸ் பெட்ஸால்ட். 1988-ல் அவர் எழுதிய 'புரோகிராமிங் விண்டோஸ்' வெளிவந்த பிறகு, சந்தேகம் கேட்ட ஜூனியருக்கு சீனியர் சொல்லும் பதில் இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டது: "பெட்ஸால்டைப் பார்." 1998-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது புத்தகம் ஏறக்குறைய 1,500 பக்கம் ஆகியிருந்தது. மனிதர் கையில் விண்டோஸ் சின்னத்தைப் பச்சையே குத்திக்கொண்டார்.

எழுத்திலும் ஒரு தீட்சை உண்டு. ஹங்கேரியில் பிறந்து, பார்க்கில் வேலை பார்த்து, மைக்ரோசாஃப்டுக்கு வந்த சார்லஸ் சிமோனி, மாறிகளின் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். இனிஷியலைப் பார்த்தால் அது எந்தக் காரியத்துக்கானது என்று தெரிய வேண்டும் என்பது குருவின் உபதேசம். சிஷ்யர்கள் அதை எந்த டைப் என்று தெரிந்தால் போதும் என்று புரிந்துகொண்டார்கள். விளைவு, 'எல்.பி.எஸ்.இசட்.' என்று தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை இனிஷியல் போட்ட பெயர்கள். டைப் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும். சோம்பேறிகள் டைப்பை மாற்றிவிட்டுப் பெயரை அப்படியே விட்டார்கள். பொய் இனிஷியலோடு அந்தப் பெயர்களில் சில இன்றும் உலவுகின்றன.

பிழை தேடுவது தனிச் செலவு. புரோகிராம் திரை முழுக்கப் பரவிக் கிடக்கும்போது பிழை காட்டும் கருவி எங்கே போய் எழுதும்? விண்டோஸுக்கான கோட்வியூ முதலில் வந்தபோது அதற்கென்று இரண்டாவதாக ஒரு மானிட்டர் கேட்டது. ஒரு புரோகிராம் செய்தியை வாங்கிக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்துவிட்டால் மொத்த விண்டோஸும் மணல்கடிகாரத்தைக் காட்டி உறைந்துவிடும். 1990-ல் வந்த 3.0 பதிப்பில் புரோகிராம் செத்தால் 'மீட்க முடியாத பிழை' என்று அறிவித்தார்கள். ஜனங்கள் பயந்தார்கள். 1992-ல் வந்த 3.1-ல் 'பொதுப் பாதுகாப்புப் பிழை' என்றார்கள். சாவு அதே சாவு, ஓலை மட்டும் வேறு.

எக்ஸ் படலம்

யூனிக்ஸ்காரர்களுக்கும் ஜன்னல் வேண்டியிருந்தது. 1984-ல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோவைத் தொடங்கினார்கள். அங்கே உங்கள் மேஜை மேல் இருப்பதுதான் சர்வர், தொலைவில் இருக்கும் பெரிய மெஷினில் ஓடுவது கிளையன்ட். அதாவது எஜமான், வேலைக்காரன் எல்லாம் தலைகீழ். இதைப் புரிந்துகொள்வதற்கே புதிதாக வந்தவருக்கு ஒரு வாரம் போய்விடும்.

ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், வசதி மட்டும் செய்து தருவோம் என்பது எக்ஸின் கொள்கை. கொள்கை உயர்ந்தது. பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்று யாருமே சொல்லாததால் ஆளுக்கொரு பட்டன் செய்தார்கள். டேவிட் ரோசந்தால் 1988-ல் ஒரு கட்டுரையே எழுதினார்: ஹலோ வேர்ல்ட் எழுதுவது அப்படியென்ன கஷ்டம் என்பது தலைப்பு. ரொம்பக் கஷ்டம் என்பது உள்ளடக்கம். அடியில் எக்ஸ்லிப், அதன் மேல் எக்ஸ்டி, அதன் மேல் மோட்டிஃப் என்று மாடி மேல் மாடி கட்டினார்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஓரைலி பதிப்பகம் இரண்டு புத்தகம் போட்டது, ஒன்று கற்க, ஒன்று புரட்ட. வரிசை எண் 0-விலிருந்து தொடங்கியது. புரோகிராமர் அலமாரி என்று பதிப்பகத்துக்குத் தெரிந்திருந்தது.

மோட்டிஃபுக்குக் காசும் கேட்டார்கள். கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த பெர்க்லி மாணவர்கள் இரண்டு பேர் கடுப்பாகி, தாங்களே பட்டன் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் ஜிடிகே. கோபத்தில் பிறந்த பிள்ளை இன்றைக்கும் லினக்ஸ் மேஜைகளில் வேலை பார்க்கிறது.

குறுக்குவழிப் படலம்

இத்தனை தலையணைகளையும் படிக்காமல் ஜன்னல் செய்ய வழியே இல்லையா என்று ஜனங்கள் முறையிட்டார்கள். முதலில் மனமிரங்கியவர் அதே அட்கின்சன். 1987-ல் ஹைப்பர்கார்டைச் செய்து, மேக் வாங்குபவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று ஆப்பிளிடம் ஒப்புக்கொள்ள வைத்தார். அட்டை மேல் பட்டனை வைத்து, அமுக்கினால் என்ன ஆக வேண்டும் என்று கிட்டத்தட்டப் பேச்சு நடையிலேயே எழுதலாம். வாத்தியார்களும் டாக்டர்களும் எழுதினார்கள். 1993-ல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்ட மிஸ்ட் விளையாட்டு அதில் செய்ததுதான். யோசனை உதித்தது எல்.எஸ்.டி. சாப்பிட்டு நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் என்று அட்கின்சன் பிற்காலத்தில் கூச்சமில்லாமல் சொன்னார். மோட்டிஃபின் வடிவமைப்பாளர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

1988-ல் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் வந்தது. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜாப்ஸ், பார்க்கில் விட்டுவந்த உளியைத் தேடிப்போய் ஒருவழியாகக் கண்டெடுத்திருந்தார். ஜான்-மேரி ஹுலோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்த இன்டர்ஃபேஸ் பில்டரில் பட்டனை எடுத்து வைத்து, அதற்கும் காரியத்துக்கும் நடுவே மவுஸால் ஒரு கோடு இழுத்தால் போதும். விலைதான் எட்டவில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஒரு ஆய்வுக்கூடம் வாங்கியது. அங்கிருந்த டிம் பெர்னர்ஸ்-லீ, வேறு மெஷினில் ஒரு வருடம் ஆகியிருக்கும் வேலையை இதில் இரண்டொரு மாதத்தில் முடித்ததாகச் சொன்னார். அவர் முடித்த வேலை, உலகின் முதல் வெப் பிரவுசர்.

சாமானியருக்கு வரம் கிடைத்தது 1991-ல். ஆலன் கூப்பர் என்பவர் ஜன்னலை மவுஸாலேயே கட்டும் கருவி ஒன்றைச் செய்து 1988-ல் பில் கேட்ஸிடம் காட்டினார். கேட்ஸ் வாங்கிக்கொண்டார். வாங்கியதை என்ன செய்வதென்று சில காலம் விழித்துவிட்டு, அதன் அடியில் தங்கள் பழைய பேசிக் மொழியைப் பொருத்தி விஷுவல் பேசிக் என்று வெளியிட்டார்கள். 150 வரி ஹலோ ஒரு வரியும் இல்லாமல் முடிந்தது. ஃபார்மின் மேல் ஒரு லேபிளை வைத்து ஹலோ என்று தட்டினால் சோலி தீர்ந்தது.

பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. பேசிக் கற்ற மாணவனின் மூளை தேறாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975-லேயே சாபம் கொடுத்திருந்தார். அசல் புரோகிராமர் சி++-ல்தான் எழுதுவான் என்றார்கள். அந்த அசல்களுக்காக மைக்ரோசாஃப்டில் ஏஎஃப்எக்ஸ் என்று ஒரு குழு அமர்ந்து, ஒரு வருடம் உழைத்து, ஒரு கட்டமைப்பைச் செய்தது. அதில் தாங்களே எழுதிப் பார்த்தபோது தங்களுக்கே தலை சுற்றியதால் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டாவது முயற்சிதான் 1992-ல் வந்த எம்எஃப்சி. குழுவின் பழைய பெயர் மட்டும் ஃபைல் பெயர்களில் ஒட்டிக்கொண்டது. 'எஸ்டிடிஏஎஃப்எக்ஸ்' எதற்கு என்று கேட்ட மாணவர்களுக்கு, அதை எடுத்தால் கம்பைல் ஆகாது என்பதே வாத்தியார்கள் தந்த விளக்கம்.

இழுத்து வைக்கும் சுகமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றவர்களுக்கு 1995 காதலர் தினத்தன்று போர்லாண்ட் டெல்ஃபி கொடுத்தது. அதைச் சிற்பமாகச் செதுக்கிய ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க்கை அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஜன்னல் கதையில் ஆரம்பத்திலிருந்து மாறாத வழக்கம் இதுதான். செய்பவர் ஒரு வீட்டில், அனுபவிப்பவர் இன்னொரு வீட்டில்.

நூற்பயன்

தொண்ணூறுகளில் இந்தப் புராணம் கடல் தாண்டி வந்தது. சென்னையில் தெருவுக்குத் தெரு முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களில் 'விபி, ஆரக்கிள்' என்று போர்டு தொங்கியது. வசதியுள்ளவர்கள் பெட்ஸால்டை வாங்கினார்கள், மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டார்கள். விபியா, விசி++ஸா என்று டீக்கடையில் நடந்த சண்டை, வடகலைக்கும் தென்கலைக்கும் நடப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. இரண்டுக்கும் அடியில் அதே செய்திச் சுழற்சிதான் சுற்றிக்கொண்டிருந்தது என்பது இரு கட்சியிலும் பலருக்குத் தெரியாது.

தெரிய வேண்டிய நாள் ஒன்று வரும். லேபிளை இழுத்து வைத்தவன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். ஒரு நாள் ஜன்னல் உறையும். ஏன் என்று ஃபார்மைக் கேட்டால் தெரியாது, மெனுவைக் கேட்டால் தெரியாது. மாடி மாடியாக இறங்கிப் போய், கடைசிப் படியில் பெட்ஸால்ட் எழுதி வைத்த அதே சுழற்சியைத்தான் அவன் சந்திப்பான். சுலபமான கருவி கஷ்டத்தை ஒழிப்பதில்லை, தவணையில் தருகிறது. ஆகவே கருவி வாங்கப் போகிறவருக்கு இந்தப் புராணம் சொல்லும் புத்திமதி எளியது. வேலையைத் தொடங்கச் சுலபமான கருவியை எடு; தவணை கட்டும் நாளுக்குத் தடிமனான புத்தகத்தை அலமாரியில் வை. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் எழுதியவை விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. சாபம் கொடுத்தவர்களைவிடச் சபிக்கப்பட்டவை நீடூழி வாழ்கின்றன.

இதைப் படித்தவர்க்குக் கைப்பிடி வழுக்காது. கேட்டவர்க்கு மணல்கடிகாரம் சீக்கிரம் விலகும். ஒருமுறையேனும் கையேட்டை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தவர்க்கு ஏழு ஜென்மத்துக் கம்பைல் பிழைகளும் நீங்கும். தடிப் புத்தகத்தை இரவல் கொடுத்தவர்க்கு மட்டும், அது திரும்பி வரும் என்று இந்தப் புராணம் எந்த உறுதியும் தரவில்லை.